விபத்தில்லா இருநூறு நாள்

துவாக்குடிப் பக்கத்து வீடுகளில் குளியலறைத் தரை சரியில்லை என்று நான் மூன்று மாதம் மனதார நம்பினேன்.

அப்போது நான் அங்கே ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எப்போது வந்தார், எப்போது போனார், ஏன் வரவில்லை என்று எழுதிவைக்கிற உத்தியோகம். கொதிகலன்களுக்கு வேண்டிய இரும்புச் சட்டங்களை வெட்டி, பற்றவைத்து, தேய்த்து அனுப்புகிற இடம். மொத்தம் எண்பத்து நான்கு பேர். வாரத்துக்கு ஒருவராவது இரண்டு நாள் காணாமல்போய், திரும்பி வரும்போது கையிலோ காலிலோ துணியைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னல் முன்னால் நிற்பார்.

"என்னாச்சுங்க?" என்பேன்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்" என்பார்.

'குளியலறையில் வழுக்கி விழுந்தார்' என்று லீவுப் புத்தகத்தில் முத்து முத்தாக எழுதுவேன். ஒரு பக்கத்தில் பதினொரு வரி இருந்தால் பதினொன்றும் குளியலறை. ஒருவருக்கு உள்ளங்கையில் ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் வெட்டு. சோப்பு டப்பா கிழித்திருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். இன்னொருவருக்கு முழங்கையில் காசு அளவுக்குத் தீக்காயம். வெந்நீர் என்று எழுதினேன். அவர் அப்படிச் சொல்லக்கூட இல்லை. என் கற்பனை வளத்தைப் பார்த்து அவரே கொஞ்சம் அசந்துபோனார்.

அந்தப் பயத்தில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டேன். சுவரில் பிடிமானக் கம்பி அடித்தேன். என் மனைவி அதில் துண்டைக் காயப்போட்டாள். "நாப்பத்தஞ்சு வயசுல எதுக்குங்க இது? டவுன் பஸ்ல நிக்கற மாதிரி தொங்கிக்கிட்டே குளிக்கப் போறீங்களா?" என்றாள்.

விஷயத்தை மேலிடத்துக்கும் கொண்டுபோனேன். மேலிடம் என்றால் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. "சார், நம்ம ஆளுங்க வீட்டுக்கெல்லாம் யாரையாச்சும் அனுப்பித் தரையைப் பாக்கச் சொல்லலாம் சார். ரொம்பப் பேர் விழறாங்க" என்றேன்.

அவர் என்னை ஐந்து விநாடி உற்றுப் பார்த்தார். நான் நக்கலடிக்கிறேனா, இல்லை நிஜமாகவே மடையனா என்று எடைபோட்டார். மடையன்தான் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"வீட்ல விழறது அவங்கவங்க சொந்த விஷயம் சார். நம்ம கேட்டுக்குள்ள ஒண்ணும் இல்லையே?"

"இல்லை சார்."

"குட்."

அந்த 'ஒண்ணும் இல்லையே'தான் அவர். பதிலை உள்ளே வைத்துத் தைக்காமல் ஒரு கேள்விகூட அந்த மனிதர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "டிபன் நல்லாத்தானே இருந்துச்சு?" "பொண்ணு பாஸ்தானே?" "டாக்டர் பயப்பட வேண்டாம்னுதானே சொன்னாரு?" அவரிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. தலையை ஆட்டினால் போதும்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. தொழிலாளர்கள் ஜீரோ சார் என்பார்கள். விபத்தே பூஜ்யமாக வேண்டும் என்ற தன் லட்சியத்தை மதித்துச் சூட்டிய பட்டம் என்று அவர் நினைத்திருந்தார். நாங்கள் திருத்தவில்லை. ஐம்பது வயதுக்காரர், ஒல்லி. தலையில் ஒரு சைஸ் பெரிய வெள்ளை ஹெல்மெட். அவர் தலையாட்டினால் ஹெல்மெட் கொஞ்சம் தாமதமாக ஆடும். சட்டைப் பையில் எப்போதும் தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர்கள், பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு ஒட்டுவார்களே, அவை. ரவுண்டு வரும்போது யார் கையுறை போட்டிருக்கிறாரோ அவர் சட்டையில் ஒன்று ஒட்டுவார். மூலையில் வெள்ளை ஹெல்மெட் தெரிந்ததும் ஒருவன் விசிலடிப்பான், எல்லோரும் கையுறை மாட்டுவார்கள். அவர் பன்னிரண்டு நட்சத்திரம் ஒட்டிவிட்டுத் திருப்தியாகப் போவார். கையுறைகள் கழலும். நட்சத்திரங்கள் டீ கேனில் ஒட்டப்படும். அந்தக் கேன் கல்யாண வீட்டு மேடைபோல் ஜொலித்தது.

"மனுஷனை நம்பாதீங்க சார், ரூலை நம்புங்க. பரிசைக் காட்டினா வருவான், தண்டனையைக் காட்டினா போவான். அவ்வளவுதான் மனுஷன்" என்பார். நான் அதைக் குறித்துக்கூட வைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேட்டுக்குள் நுழைந்ததும் பச்சைப் பலகை. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே கொக்கியில் மூன்று எண் தகடுகள். தினம் காலையில் அவரே தகடு மாற்றுவார், போட்டோ எடுப்பார், வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். பத்து நிமிஷத்துக்குள் நாங்கள் கட்டைவிரல் உயர்த்த வேண்டும். இருநூறு நாள் வந்துவிட்டால் எண்பத்து நான்கு பேருக்கும் ஆளுக்கொரு ஐந்து லிட்டர் எவர்சில்வர் குக்கர். நடுவில் ஒரே ஒரு விபத்து நடந்தாலும் பலகை பூஜ்யத்துக்குப் போகும், எல்லோருக்கும். மாதிரிக் குக்கர் ஒன்று டைம் ஆபீஸ் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள்.

சரி, விபத்து என்றால் என்ன? முதலுதவிப் பெட்டிப் பதிவேட்டில் எழுதப்பட்டது விபத்து. பெட்டியின் சாவி அவரிடம். ஒரு துண்டுப் பஞ்சு வேண்டுமென்றாலும் பெயர், நேரம், எப்படி அடிபட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே பெட்டியை யாரும் திறப்பதில்லை. உள்ளே பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது.

இதெல்லாம் எனக்கு உறைத்தது கேரம் போர்டில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெட்டில் கேரம் நடக்கும். ஆடுகிறவர்கள் பாதிப் பேர் விரல்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப். ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வசதியாக இருக்கும்போல, நல்ல ஸ்டைல் என்று நினைத்து நானும் ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஷெட்டே சிரித்தது.

"தம்பி, உங்களுக்கு எந்த மெஷின்ல பட்டுச்சு? பேனாலயா?" என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

கிரைண்டிங் பிரிவில் இருபது வருடமாக இரும்பைத் தேய்க்கிறவர். பாலக்கரைக்காரர். டேப்பை விலக்கித் தன் விரலைக் காட்டினார். கீழே வேஸ்ட் பஞ்சு, அதன் கீழே பிளந்த சதை.

"அப்ப பாத்ரூம்?" என்றேன்.

"எங்க காம்பவுண்டுல நாலு வீட்டுக்கு ஒரு பாத்ரூம் தம்பி. இத்தனை பேர் அதுக்குள்ள விழுந்து கெடந்தா, குளிக்கிறது யாரு?"

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கை தவறிக் காயில் பட்டுவிட்டால் ஆடியவரே சொல்லிவிடுவார். வேறு யார் பார்த்திருக்க முடியும்? ஆரோக்கியம் அண்ணன் ஒருமுறை சிவப்புக் காயைப் போட்டு ஜெயித்துவிட்டு, எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு, "என் சட்டைக்கை உரசிருச்சுப்பா. எடுத்து நடுவுல வைங்க" என்றார். எதிர் ஆளே, "அட விடுங்கண்ணே" என்றான். அவர் விடவில்லை.

இதை ஜீரோ சார் ஒருநாள் பார்த்தார். அவருக்குத் தாங்கவில்லை. "தப்பை அவனவனே சொல்றதா? என்ன சார் சிஸ்டம் இது?" மறுவாரம் விசிலோடு ஒரு ரெஃப்ரீ வந்தார். வாரப் பரிசாக ஹாட்பாக்ஸ் வந்தது. மூன்றாம் வாரத்தில், "எலே, கை பட்டுச்சே" என்று ஒருவன் கத்தினால், "ரெஃப்ரீ ஊதினாரா? இல்லைல்ல? ஆடு" என்பது பதிலாகிவிட்டது. நாலாம் வாரம் ஆரோக்கியம் அண்ணன் ஆடுவதை நிறுத்திக்கொண்டார். ரெஃப்ரீ வைத்ததில் தவறுகள் எவ்வளவு குறைந்துவிட்டன பாருங்கள் என்று ஜீரோ சார் குரூப்பில் படம் போட்டார். கட்டைவிரல் உயர்த்தினேன்.

என் ஜாதகம், அவர் குடியிருந்ததும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடியிலேயே. அங்கே சங்கச் செயலாளர். குறைந்த புகார் வருகிற மாடிக்கு வருடாவருடம் கேடயம், அதை லிஃப்டில் மாட்டுவது என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். எங்கள் மூன்றாம் மாடியில் ஜெயா டீச்சர் வீட்டுக் கூரையில் நீர் கசிந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தனி ஆள். புகார் எழுதப் பேனாவை எடுத்தவரிடம் நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்களும் போய் நின்றோம். "டீச்சர், கேடயம் போயிடும் டீச்சர். மார்ச் வரைக்கும் ஒரு வாளி வெச்சுக்கோங்களேன்" என்று கெஞ்சியவன் வேறு யாருமில்லை, நான்தான். டீச்சர் நான்கு மாதம் வாளி வைத்தார். கேடயம் கிடைத்தது. பூச்சு பெயர்ந்து டீச்சரின் கட்டில்மேல் விழுந்தது. அவர் அப்போது காபி போட எழுந்திருந்தார்.

"உயிர் சேதம் ஒண்ணும் இல்லையே?" என்று வந்து விசாரித்தார் ஜீரோ சார்.

"இல்லை. ஆனா லிஃப்டுல மாட்டியிருக்கிற அந்தத் தகரத்தைக் கொஞ்சம் கழட்டித் தாங்க. ஓட்டையை அடைச்சுக்கறேன்" என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீரோ சார் காந்தி மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போவார். ஒருமுறை பின்னால் உட்கார்ந்து போனேன். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு காவிரிப் பாலம் முழுக்கக் காற்று வாங்கியபடி வந்தவர், பாலம் முடிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டித் தலையில் வைத்தார். போலீஸ்காரரைத் தாண்டியதும் மறுபடி முழங்கை.

"சார், நீங்க பாதுகாப்பு அதிகாரி" என்றேன்.

"கம்பெனில" என்றார்.

ஒரே ஒருமுறை எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. கம்பெனி வேனில் வரும்போது, கேட்காமலே சொன்னார். முதலில் வேலை பார்த்த இடத்தில் நடந்த விபத்தை எல்லாம் நடந்தபடியே எழுதினாராம். வருடக் கடைசியில், அந்தக் குழுமத்திலேயே அதிக விபத்து நடந்த ஆலை என்று இவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். பக்கத்து ஆலைக்காரன் ஒன்றுமே எழுதவில்லை, அவனுக்குப் பொன்னாடை. "அன்னிக்குக் கத்துக்கிட்டேன் சார்" என்றார். நான் உருகுகிற நேரத்தில், "நீங்க எழுந்து அந்தப் பக்கம் போறீங்கதானே? எனக்கு ஜன்னல் சீட் வேணும்" என்றார். உருகியது உறைந்துவிட்டது.

பலகை ஒருமுறை நூற்றுப்பன்னிரண்டில் விழுந்திருந்தது. ஒரு ஃபிட்டருக்கு மூன்று விரல் போயிற்று. ஆம்புலன்ஸ் வந்துவிட்டதால் மறைக்க முடியவில்லை. அவர் குணமாகித் திரும்பியபோது கேன்டீனில் அவர் மேஜையில் யாரும் உட்காரவில்லை. "மூணு விரலுக்கு எண்பத்து நாலு குக்கர்" என்று ஒருவன் அவர் காதுபடச் சொன்னான். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். எல்லோரும் நல்லவர்கள்தான், தனித்தனியாகப் பேசினால் தங்கமானவர்கள். அந்த மேஜையில் நானும் உட்காரவில்லை.

அடுத்த சுற்றில் பலகை நூற்றுத்தொண்ணூற்று நான்கைத் தொட்டது. புதன்கிழமை. பதினொரு மணிக்கு ஆரோக்கியம் அண்ணன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். பின்னாலேயே அதே பிரிவில் வேலை செய்கிற செல்வம். முசிறியிலிருந்து வருகிறவன். தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தான். சீர்வரிசைப் பட்டியலில் குக்கருக்கு எதிரே ஏற்கெனவே டிக் அடித்தாயிற்று.

"தம்பி, ஒரு கேட் பாஸ் குடுங்க. கண்ணுல பொடி விழுந்துருச்சு. டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்."

"கண்ணாடி போடலையாண்ணே?"

"எதைப் போடறது? அது சொரசொரன்னு தேஞ்சுபோய் ஒண்ணும் தெரியலை. தூக்கி நெத்தியில விட்டுட்டுத்தான் பாத்தேன்."

பாதுகாப்புக் கண்ணாடியைப் புதிதாகக் கேட்காமல் ஆறு மாதம் வைத்திருந்தால் மூன்று நட்சத்திரம். அதுவும் ஜீரோ சார் திட்டம்தான்.

"பாத்ரூம்னு எழுதிருங்க சார்" என்றான் செல்வம்.

"பாத்ரூம்ல இரும்புப் பொடி எங்கேருந்துடா வரும்? கண்ணைப் பாத்த உடனே எந்தக் கம்பெனின்னுதான்டா டாக்டர் கேப்பாரு. எழுதுவாரு. அது இங்க வரும்."

இதுதான் சிக்கல். கை, கால், முதுகு எதற்கும் குளியலறை தாங்கியது. இந்தக் காயத்துக்கு மட்டும் தாங்கவில்லை.

"அப்ப ஆறு நாள் பொறுத்துக்கங்கண்ணே. செவ்வாக்கிழமை குக்கர். புதன்கிழமை நாங்களே உங்களைத் தூக்கிட்டுப் போறோம்."

"தூக்கிட்டுப் போற அளவுக்கு ஆக்கிடாதீங்கடா."

அண்ணன் என்னைப் பார்த்தார், ஒற்றைக் கண்ணால். என் மனைவி எங்கள் பழைய குக்கரை ஏற்கெனவே மணப்பாறையில் இருக்கிற தங்கைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, புதுசு வரப்போகிறது என்று பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தினமும் குழைந்த சோறு. அது என் கண்முன் வந்து நின்றது.

"ஆறு நாள்தானேண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்களுமா தம்பி? சரி, விடுங்க. என்னால ஏன் உங்க எல்லாருக்கும் கெடணும்."

கேட் பாஸ் எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மதியம் செல்வம் வெல்டிங்கில் தகடு பிடிக்கிற காந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரும்புதானே, இழுத்துவிடும் என்று அவன் கணக்கு. நாலு பேர் தலையைப் பிடித்துக்கொள்ள, முட்டை அளவு காந்தத்தை அண்ணன் கண்ணெதிரே இப்படியும் அப்படியும் காட்டினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்து ஆடியது. கண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்று, "கொஞ்சம் இடது பக்கம்" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கண் வீங்கி மூடிக்கொண்டது. சனிக்கிழமை இமையை விலக்கிக் காட்டினார். வெள்ளை முழுக்க மிளகாய்ச் சிவப்பு. கருவிழியின்மேல் ஒரு வெண்புள்ளி, பச்சரிசி நுனி அளவு. அதைப் பார்த்த அரைமணி நேரத்தில் நாலு தடவை கழிவறைக்குப் போய்வந்தேன். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நடந்ததை எழுதினேன், பென்சிலால். வீரம் வந்தால் பேனாவால் மேலே எழுதிக்கொள்ளலாம், வராவிட்டால் ரப்பர் இருக்கிறது என்று ஏற்பாடு. எண்பத்து மூன்று பேர் ஆளுக்கொரு குக்கர் மூடியோடு துவாக்குடி பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருப்பதைப் போல ஒரு காட்சி ஓடிக்கொண்டேயிருந்தது.

அந்தத் தாளோடு ஜீரோ சார் அறைக்குள் போனேன்.

"ஒண்ணும் இல்லையே?" என்றார், வழக்கம்போல.

"இருக்கு சார்" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பழக்கமில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஆரோக்கியம் அண்ணன் கண்ணு சார். புதன்கிழமை கிரைண்டிங்ல..."

"இருங்க. புதன்கிழமை அவர் சொந்த வேலையா வெளியில போனார். கேட் பாஸ் இருக்கு. எழுதினது நீங்கதானே?"

"நான்தான் சார். ஆனா..."

"பதிவேட்டுல ஒண்ணும் இல்லை. நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை, நானும் கேக்கலை. சரிதானே?"

"சார், கண்ணு போயிடும் சார்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "உங்க வீட்ல பழைய குக்கரைக் குடுத்தாச்சுன்னு வேன்ல சொன்னீங்களே. நீங்க மட்டும் எதுக்கு இத்தனை நாள் பேசாம இருந்தீங்க? நான் சொல்றதுதான் சார் மனுஷன். பரிசு இல்லாம எவனும் ஒழுங்கா இருக்க மாட்டான். நீங்க இருக்கீங்களா?"

ஒழுங்காக இருந்த ஒருத்தன் அடுத்த ஷெட்டில் ஒற்றைக் கண்ணோடு இரும்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இந்த வாக்கியம் எனக்குத் தோன்றியது மூன்று வருடம் கழித்து, பல் விளக்கும்போது. அன்றைக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி சார்" என்றேன்.

ஆனால் என் பேச்சு வீணாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஜீரோ சார் மனிதாபிமானமாக ஒரு ஏற்பாடு செய்தார். திங்கட்கிழமை அண்ணனை வீட்டிலிருந்து வேனில் கூட்டிவந்தார்கள். அவர் கார்டு அடித்தார். ஷெட்டுக்கு அனுப்பாமல் என் அறையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வேலைக்கு வந்துவிட்டால் ஒரு நாளும் இழப்பில்லை, இழப்பில்லாவிட்டால் விபத்தில்லை என்பது விதியின் உட்பிரிவாம். அதை அன்று காலைதான் சேர்த்திருந்தார்.

எட்டு மணி நேரம் அண்ணன் கண்ணில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் மூன்று முறை டீ வாங்கிக் கொடுத்தேன். நாலாவது முறை, "தம்பி, ஃபேனை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க. காத்து பட்டா குத்துது" என்றார். நிறுத்தினேன். ஏப்ரல் மாதம். இருவரும் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்களுக்குக் கோவமே வரலையாண்ணே?"

"யார்மேல வரணும்? செல்வம் தங்கச்சி கல்யாணம். உங்க வீட்ல குழைஞ்ச சோறு. ஆளுக்கு ஒரு நியாயம் இருக்கு. என் கண்ணுக்கு மட்டும்தான் கேக்க ஆளில்லை."

செவ்வாய்க்கிழமை பலகை முன்னால் ஷாமியானா. வாழைமரம்கூடக் கட்டினார்கள். பொது மேலாளர் வந்தார், ஜீரோ சாருக்குச் சால்வை போர்த்தினார். அண்ணனுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிக் கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள், போட்டோவில் விழாதபடி. அவர் பெயரைக் கூப்பிட்டபோது செல்வம் போய் வாங்கிவந்தான். கைதட்டல் பலமாக இருந்தது. "இந்த இருநூறு நாளில் ஒருவருக்குக்கூட ஒரு கீறல் இல்லை. நம்பிக்கைதான் நம் பலம்" என்று ஜீரோ சார் பேசினார். என் குக்கர் மடியில் கனத்தது. கைதட்ட வசதியாக அதைக் கீழே வைத்தேன்.

புதன்கிழமை காலை செல்வம் சொன்ன வார்த்தை தவறாமல் அண்ணனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கிளம்பும் முன் ஜீரோ சார் கேட்டுக்கு வந்து விசாரித்தார். "வீட்ல அரிவாள் எதையாவது சாணை புடிக்கும்போது பட்டிருக்கும். அப்படித்தானே?" அண்ணனுக்குப் பதிலாகச் செல்வம் தலையாட்டினான். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படியே ஏறியது. முதல் நாளே வந்திருந்தால் ஊசி நுனியால் எடுத்துப்போடுகிற வேலை, இப்போது கருவிழி சீழ்பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் தூங்கவில்லை. விசாரணை வரும், கேட் பாஸை என் முகத்துக்கு நேராக நீட்டுவார்கள், சொந்த வேலை என்றால் என்ன வேலை என்று கேட்பார்கள் என்று பயந்து, பதில்களைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். ஒரு பையில் துண்டு, பல்பொடி, மாற்றுச் சட்டை எல்லாம் தயாராக வைத்தேன். கேட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கழிவறை. என் மனைவி வைத்த புதுக் குக்கர் விசிலடித்தால் அதற்கும் துள்ளி எழுந்தேன். "என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள். "ஒண்ணும் இல்லையே" என்றேன். யார் குரலில் சொன்னேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

விசாரணை எதுவும் வரவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜீரோ சார் பதவி உயர்வு பெற்று, இதைவிடப் பெரிய ஆலை ஒன்றுக்குப் போனார். காயம் வீட்டில் பட்டது என்று சீட்டில் இருந்ததால், ஊனத்துக்கான உதவித்தொகைக்கு ஆரோக்கியம் அண்ணன் கொடுத்த மனு திரும்பி வந்தது. வலது கண்ணில் அவருக்குப் பார்வை திரும்பவில்லை.